இரண்டாம் அசை

மார்ச் 4

அண்ணிக்கு,

நேற்று மட்டும் ஏழு தடவை போன் செய்தீர்கள். ஏழு தடவையும் நான் எடுக்கவில்லை. இனியும் எடுக்க மாட்டேன். போனில் நீங்கள் சொல்வது ஒன்று, என் காதில் விழுவது ஒன்று என்று விசாரணைக் கமிட்டியே முடிவு கட்டிவிட்ட பிறகு நமக்குள் எதற்குப் போன்? சொல்ல வேண்டியது இருந்தால் எழுதுங்கள். எழுதினால் கையெழுத்து இருக்கும். பிற்பாடு யாரும் மாற்றிப் பேச முடியாது.

‘நீங்கள்’ என்று எழுதுவதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம். ஹாஸ்டலில் ஒரே அறையில் மூன்று வருஷம் வாடி போடி என்று இருந்தோம். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த பிறகும் சமையலறைக்குள் அதே வாடி போடிதான். அதெல்லாம் தோழிக்கு. என் வேலையைப் பறித்தவருக்கு மரியாதை கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

அறிக்கையின் நகல் நேற்று இங்கே பெரியம்மா வீட்டுக்கு வந்தது. மூன்றாம் பக்கத்தில் உங்கள் வாக்குமூலம். ‘நோயாளியின் பொட்டாசியம் அளவு 6.9 என்ற எண்ணையும், அது ஹைப்பர்கலீமியா என்பதையும் வார்டு நர்ஸிடம் போனில் தெளிவாகக் கூறினேன்.’ கீழே உங்கள் கையெழுத்து, வழக்கம்போலக் கடைசி எழுத்துக்கு வால் நீட்டி.

எண்ணையும்! நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். நீங்கள் லேபிலிருந்து பேசியது மொத்தம் பத்து விநாடி இருக்குமா? என் காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன். “பதினாலாம் பெட். பொட்டாசியம். ஹைப்ப கலீமியா. டாக்டர்கிட்ட சொல்லிடு, ரிப்போர்ட் பின்னாடியே வருது.” டொக். ஆறும் இல்லை, ஒன்பதும் இல்லை, புள்ளியும் இல்லை.

ஹைப்பர் என்றால் கூடுதல். ஹைப்போ என்றால் குறைவு. உங்கள் வாயிலிருந்து வந்தது ரெண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. எனக்கு ஹைப்போ என்றுதான் கேட்டது. டூட்டி டாக்டர் கீழே அவசரப் பிரிவில் ரெண்டு விபத்துக் கேஸோடு நின்றார். “குறைஞ்சிருக்கா? பொட்டாசியம் ட்ரிப் போடுங்க, வந்து பார்க்கறேன்” என்று போனிலேயே சொன்னார். போட்டேன். கூடுதலாக இருந்த ஆளுக்கு இன்னும் ஏற்றினேன். இருபத்தைந்து நிமிஷம் கழித்து அச்சடித்த ரிப்போர்ட் மேலே வந்தபோதுதான் 6.9 என்ற எண்ணை முதல் முதலாகப் பார்த்தேன். நான் ஓடிப் போய் ட்ரிப்பை மூடுவதற்கும் மானிட்டர் கத்துவதற்கும் சரியாக இருந்தது. ஒன்றரை நிமிஷம் அந்த மனுஷனுடைய நெஞ்சு நின்றது. என் ரெண்டு கையாலும் அமுக்கினேன். அவருடைய விலா எலும்பு ஒன்று என் கைக்கடியில் முறிந்தது இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். நீங்கள் எழுதிக் கொடுத்த அந்த ஒரு வரியைத்தான் தாங்க முடியவில்லை. இருபத்தெட்டாம் தேதி மேல்முறையீட்டு விசாரணை. அங்கே பார்ப்போம்.

உங்கள் நாத்தனார்

*

மார்ச் 9

நாத்தனாருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் ‘நீ’ என்றுதான் எழுதுவேன். உன் அண்ணன் பெண்டாட்டி நான், வயசிலும் உனக்கு எட்டு மாசம் மூத்தவள். அந்த உரிமையைப் பறிக்க எந்தக் கமிட்டியாலும் ஆகாது.

உன் வேலையை நான் பறித்தேனா? நல்ல கதை. உங்கள் வார்டில் போனுக்கு மேலே சுவரில் சிவப்பு எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறதே, ‘லேபிலிருந்து கேட்டதைத் திருப்பிச் சொல்லவும்’ என்று, அதை எழுதி ஒட்டியதே நீதான். பசைகூட நம் வீட்டுப் பசை. நீ திருப்பிச் சொன்னாயா? “ஹைப்போவா அண்ணி?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் “இல்லடி, ஹைப்பர்” என்றிருப்பேன். அந்த மனுஷன் இன்றைக்குக் கடையில் உட்கார்ந்து கண்ணாடி வெட்டிக்கொண்டிருப்பார்.

ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். அன்று காலையில் உன் யூனிஃபார்முக்கு நான் இஸ்திரி போடும்போது காலர் கொஞ்சம் கருகிவிட்டது. அதற்கு வீட்டையே ரெண்டாக்கினாய். “அவசரக்குடுக்கை! உனக்கு இங்கிலீஷும் அவசரம், இஸ்திரியும் அவசரம்” என்று என் வீட்டுக்காரர் முன்னாலேயே கத்தினாய். நான் உனக்கு வேலைக்காரியா என்று கேட்டேன். ஆளுக்கொரு பஸ்ஸில் போனோம். அந்தக் கொதிப்போடு ரிசீவரை எடுத்தால் காது எங்கே கேட்கும்?

உன் அண்ணனைப் பற்றி நீ ஒரு வரி கேட்கவில்லை. நானே சொல்கிறேன். லிஃப்ட் ரிப்பேருக்குப் போகிற மனுஷன், ரெண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர் மாதிரி இருக்கிறார். என்னிடம் பேசினால் உனக்குத் துரோகம், உன்னிடம் பேசினால் எனக்குத் துரோகமாம். அதனால் டிவியிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.

வெயிலில் அலையாதே. உனக்குத் தலைவலி வரும். அக்கறையில் சொல்லவில்லை, பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

அண்ணி

*

மார்ச் 13

அண்ணிக்கு,

காலரைப் பற்றி எழுதினீர்கள், பசையைப் பற்றி எழுதினீர்கள், டிவியைப் பற்றிக்கூட எழுதினீர்கள். எண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை. அதுவே எனக்குப் பதில்.

என் காதில் கோளாறு என்கிறீர்கள். அதையும் பார்த்துவிடலாம் என்று இந்த ஊர் நூலகத்துக்கு ரெண்டு நாளாகப் போய் வருகிறேன். தலையணை அளவு ஆங்கில அகராதி ஒன்று அங்கே இருக்கிறது. நூலகர் அதை மேசையில் வைக்கும்போதே “யாரும் இதைத் தொட்டு ஆறு வருஷம் ஆச்சு” என்றார். அந்த வார்த்தையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஹை-ப்பர்-க-லீ-மி-யா. ஆறு அசை. ஹை-ப்போ-க-லீ-மி-யா. அதுவும் ஆறு. நம் பாட்டுக்கு நேர், நிரை என்று பிரிப்போமே, அப்படி அவர்களும் பிரிக்கிறார்கள். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைக்குள் ஓர் அசைக்குத்தான் ராஜ மரியாதை. வாய் அங்கே ஏறி அழுத்தும். மற்றவையெல்லாம் அதற்குப் பல்லக்குத் தூக்கும். எந்த அசை அது என்று காட்ட அகராதியில் தலைக்கு மேல் ஒரு சின்னக் கோடு போட்டிருக்கிறார்கள். இந்த ரெண்டு வார்த்தையிலும் அந்தக் கோடு நாலாவது அசைக்கு, ‘லீ’க்கு. முதல் அசையான ‘ஹை’க்கு அடியில் ஒரு குட்டிக் கோடு, அரை மரியாதை. இரண்டாவது அசைக்கு ஒன்றுமே இல்லை. அதன் உயிரெழுத்தாக ‘e’யைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டிருக்கிறார்கள். வாயைத் திறந்தும் திறக்காமலும் விடுகிற ஒலியாம். நமக்குக் குற்றியலுகரம் எப்படியோ அப்படி.

புரிகிறதா? ரெண்டு வார்த்தைக்கும் முதல் அசை ஒன்று. மூன்று, நாலு, ஐந்து, ஆறு எல்லாம் ஒன்று. ஆளை வாழவைப்பதா சாகடிப்பதா என்கிற வித்தியாசம் முழுக்க இரண்டாவது அசையில் இருக்கிறது. அந்த அசையைத்தான் எந்த அவசர வாயும் மதிப்பதில்லை.

அந்த வார்த்தைகளின் பிறவியையும் பார்த்தேன். ஹைப்பர் கிரேக்கம், மேலே. ஹைப்போவும் கிரேக்கம், கீழே. கடைசியில் வருகிற ‘ஈமியா’ ரத்தம். நடுவில் இருக்கும் ‘கலி’ அரபியிலிருந்து வந்தது. உப்பு நிலத்துச் செடியை எரித்த சாம்பலுக்கு அந்தப் பெயர். பொட்டாசியம் என்பதும் பானையில் காய்ச்சி எடுத்த சாம்பல்தானாம். மொத்தத்தில் ‘ரத்தத்தில் சாம்பல் மிகுந்தது’, ‘ரத்தத்தில் சாம்பல் குறைந்தது’. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பதினாலு வருஷமாக வாய்க்கு வாய் சொல்லியிருக்கிறேன். என்ன சொல்கிறேன் என்று ஒரு நாளும் தெரியாது.

நாலு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். அகராதிப் பக்கத்தின் நகலோடு கமிட்டி முன்னால் வைப்பேன். தப்பு என் காதில் இல்லை. தப்பு வார்த்தையின் எலும்பிலேயே இருக்கிறது. அந்த வார்த்தையை எண்ணில்லாமல் தனியாக அனுப்பியவருடைய வாயில் இருக்கிறது.

நாத்தனார்

*

மார்ச் 18

அடி அகராதி,

ஹாஸ்டலில் உனக்கு அந்தப் பெயர் வைத்தது நான்தான். கக்கத்தில் எப்போதும் டிக்‌ஷனரி இருந்ததற்கு ஒரு பாதி, உன் திமிருக்கு மறுபாதி. ரெண்டும் இன்னும் உன்னிடம் பத்திரமாக இருக்கிறது போல.

ஒரு மனுஷனுடைய நெஞ்சு நின்று போனது. அவருக்கு இப்போது கை நடுங்குகிறது. கண்ணாடி வெட்டுகிற கை! நீ அங்கே உட்கார்ந்துகொண்டு கிரேக்கம் படிக்கிறாய், அரபி படிக்கிறாய். அழுத்தம் எந்த அசையில் என்று அகராதியில் தேடினாயாமே. அழுத்தக்காரி, என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அந்த வார்த்தையைப் பற்றி எனக்கும் ஒரு பிறவிக் கதை தெரியும். உன் அகராதியில் இல்லாதது. கேட்டுக்கொள்.

ரெண்டாம் வருஷம், கருத்தரங்கு நாள். நர்ஸிங் பெண்களும் லேப் பெண்களும் ஒரே ஹாலில். நான் தமிழில் படித்துவிட்டு வந்தவள். நாலு நாள் கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்து, மேடையில் ஏறி, ‘ஹைப்பர்காலிமியா’ என்றேன். காலி! ‘கா’வில் அழுத்தினேன். பின் வரிசையிலிருந்து ஒரு குரல், “காலியா? யார் காலி?” ஹாலே சிரித்தது. அந்தக் குரல் உன்னுடையது. என் ரூம்மேட்டுடையது. அதற்குப் பிறகு மூன்றாம் வருஷம் முடியும்வரை என் பெயர் காலி. “காலி வர்றாடி, காலி சாப்பிட்டாளாடி.” என் கல்யாண மேடையில்கூட உன் சொந்தக்காரர்களுக்கு அதைச் சொல்லிச் சிரித்தாய். உன் அண்ணனும் சிரித்தார். நானும் சிரித்தேன். மாலையைக் கழற்றி உன் முகத்தில் வீசலாம் போல இருந்தது.

அன்றையிலிருந்து இங்கிலீஷ் வார்த்தை நீளமாக வந்தால் நான் ஓடிவிடுவேன். எங்கே அழுத்துவது என்று யோசிக்க ஆரம்பித்தால் நாக்கு கட்டிக்கொள்ளும். அதனால் எங்கேயும் அழுத்தாமல், யாரும் பிடிப்பதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். அவசரக்குடுக்கை என்றாயே, அந்தக் குடுக்கையைச் செய்தவள் யார்? மற்றவர்களிடம் பேசும்போது பரவாயில்லை. உன் வார்டுக்குப் போன் செய்யும்போது, மறுமுனையில் நீ என்று தெரிந்தால், இன்னும் வேகம். அதுவும் இந்த ஒரு வார்த்தை வந்தால் கேட்கவே வேண்டாம். உன் இரண்டாம் அசையை நான் பதினாலு வருஷமாக விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

எண், எண் என்று உயிரை எடுக்கிறாய். சரி. சொல்லவில்லை. எண்ணைச் சொல்லவில்லை. திரை முன்னால் இருந்தது, 6.9 சிவப்பில் மின்னியது. வார்த்தையைத் தாண்டினால் போதும் என்று போனை வைத்துவிட்டேன். வாக்குமூலம் எழுதும்போது லேப் தலைவர் பக்கத்தில் நின்றார். “எண்ணைச் சொன்னேன்னு எழுது. இல்லேன்னா லேபே மாட்டிக்கும்” என்றார். எழுதினேன். போதுமா? சந்தோஷமா?

அண்ணி

*

மார்ச் 21

அண்ணிக்கு,

போதாது.

உன் கையெழுத்தில், உன் வால் எழுத்தோடு, ‘எண்ணைச் சொல்லவில்லை’ என்று இப்போது என்னிடம் ஒரு காகிதம் இருக்கிறது. இருபத்தெட்டாம் தேதி இதைக் கமிட்டி மேசையில் வைப்பேன். நாலு பக்கம் அசை எண்ணிய வேலை மிச்சம்.

இருபது வயசில் செய்த கேலிக்கு நீ இப்படித்தான் தீர்த்துக்கொள்வாயா? அன்றைக்கே என் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாமே! பக்கத்துக் கட்டில்தானே? கை எட்டாதா? பதினாலு வருஷம் என்னோடு சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் அதைக் காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறாய். கடைசியில் அது ஊர் பேர் தெரியாத ஒரு கண்ணாடிக்காரர் நெஞ்சில் போய் இறங்கியிருக்கிறது.

கோபத்தில் ‘நீ’ என்று வந்துவிட்டது. அடித்துத் திருத்தப் போவதில்லை.

நாத்தனார்

*

மார்ச் 25

அகராதிக்கு,

உன் மிரட்டல் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அதற்குப் பயந்து எதையும் நான் செய்யவில்லை. இதை முதலில் புரிந்துகொள். அதற்கு ரெண்டு நாள் முன்பே வேலை முடிந்துவிட்டது.

சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு லேப் ஜன்னலில் ஒரு அம்மா வந்து நின்றார். ரத்தம் கொடுக்க வந்தவர் என்று நினைத்து “சீட்டு குடுங்க” என்றேன்.

“சீட்டு இல்ல. வார்டுக்குப் போன் பண்றவங்க இங்க யாரு?”

“நான்தாங்க. என்ன வேணும்?”

“பதினாலாம் பெட்டுல இருந்தாரே, கண்ணாடிக் கடை, அவர் என் வீட்டுக்காரர். ஏதோ ஒரு வார்த்தையில தப்பு நடந்துபோச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. என்ன வார்த்தைன்னு கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. நீங்க எழுதிக் குடுங்க, பார்க்கறேன்.”

ஒரு தாளை எடுத்து ரெண்டு வார்த்தையையும் ஒன்றுக்குக் கீழே ஒன்றாகத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தார். நான் பார்த்ததிலேயே அந்த வார்த்தையை அவ்வளவு பொறுமையாகப் படித்தவர் அவர்தான்.

“முன்னாடியும் ஒண்ணு, பின்னாடியும் ஒண்ணு. நடுவுல இது மட்டும்தான் வேறயா?”

“ஆமாங்க. மேல இருக்கறது கூட. கீழ இருக்கறது குறைச்சல்.”

“நீங்க எதைச் சொன்னீங்க?”

“மேல இருக்கறதை. ஆனா வேகமா சொல்லிட்டேன்.”

“அது சரி. அளவு சொல்ல மாட்டீங்களா? எங்க கடைக்கு வந்து ‘பெரிய கண்ணாடி வேணும்’னா அவர் வெட்ட மாட்டாரு. பெருசுன்னா எத்தனை இஞ்சு பெருசு? இஞ்சைச் சொன்னாத்தான் கட்டரைக் கையில எடுப்பாரு. வெறும் கண்ணாடிக்கே அப்படி.”

நான் குனிந்து சீட்டுக் கட்டை அடுக்கினேன்.

“அளவு இருந்துச்சா, இல்லையா?”

“இருந்துச்சுங்க. நான் சொல்லலை.”

கத்துவார் என்று நினைத்தேன். ஜன்னல் வழியாகக் கையை விட்டு என்னை அறைந்திருந்தால்கூட நின்று வாங்கியிருப்பேன். அவர் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார். “சொல்லலைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களா?” என்று கேட்டார்.

“இல்ல. சொன்னேன்னு எழுதிக் குடுத்திருக்கேன்.”

“அப்போ அதை மாத்துங்க” என்றார். அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அன்று மத்தியானமே புதிதாக எழுதி, நேரே கமிட்டி அலுவலகத்தில் கொடுத்து, தேதி முத்திரை வாங்கினேன். லேப் தலைவர் கதவைச் சாத்திவிட்டு, “உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்ட” என்றார். “என் தலை, என் மண்ணு. பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தது யாருன்னும் எழுதியிருக்கேன்” என்றேன். மனுஷன் முகம் வெளுத்துப் போனது. சாகிறவரை அந்த முகத்தை நினைத்துச் சிரிப்பேன்.

வீட்டில் உன் அண்ணனிடம் சொன்னேன். டிவியை அணைத்தார். “உன் வேலை போயிடுமா?” என்றார். “போகலாம்” என்றேன். “முன்னாடியே சொல்லியிருந்தா தங்கச்சியை ஊருக்கு அனுப்பியிருக்க வேண்டாமே” என்றார். அப்போதும் தங்கச்சிதான். எரிச்சலாகத்தான் வந்தது.

நீ ஜெயித்துவிட்டாய். உன் நாலு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு வா.

அண்ணி

*

ஏப்ரல் 9

அண்ணிக்கு,

வேலையில் சேர்ந்து பத்து நாளாகிறது. நம் வீட்டுக்கு வராமல் நர்ஸ் குடியிருப்பில் ஓர் அறை வாங்கிக்கொண்டேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். இங்கிருந்து நம் வீடு பத்து நிமிஷ நடை. கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு தபால் தலை ஒட்டுகிறேன்.

விசாரணையில் என்ன நடந்தது என்று யாரும் உனக்குச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மா உன் புது வாக்குமூலத்தைப் படித்து முடித்திருந்தார். என் நாலு பக்கத்தையும் புரட்டக்கூட இல்லை. என் பக்கமே தள்ளிவிட்டார். “உங்க அண்ணியே ஒத்துக்கிட்டாங்க. இதெல்லாம் இனிமே எதுக்கு? நீங்க வேற ஏதாவது சொல்லணுமா?” என்றார்.

“இல்லை மேடம்” என்றேன்.

அந்த ‘இல்லை’ பொய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கையில் ஏதாவது இருந்தால் கீழே வைத்துவிட்டுப் படி.

அன்று நீ போனை வைத்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. ஆமாம், வந்தது. சிறுநீரகம் கெட்டுப்போன ஆளுக்குப் பொட்டாசியம் ஏறத்தானே செய்யும், எப்படி இறங்கும் என்று முதல் வருஷப் பெண்ணுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாதா? திருப்பிக் கேட்கலாம் என்று ரிசீவரை எடுத்தேன். லேப் எண்ணின் முதல் ரெண்டு இலக்கத்தை அழுத்தினேன். அப்போது கருகிய காலர் கழுத்தில் உரசியது. காலையில் நீ ‘நான் வேலைக்காரியா’ என்று கேட்ட குரல் ஞாபகம் வந்தது. ‘இவ குரலை இன்னொரு தடவை கேக்கணுமா? லேபுக்குத் தெரியாதா என்ன?’ என்று ரிசீவரை வைத்துவிட்டேன். பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டேன்.

அதாவது, உன் வாய் விழுங்கியதை என் காது பிடித்துவிட்டது, அண்ணி. என் வீம்புதான் அதைத் துப்பிவிட்டது. அதை மறைக்கத்தான் கிரேக்கமும் அரபியும் தேடினேன். தப்பை ஒரு வார்த்தையின் தலையில் கட்டிவிட்டால் அது எதிர்த்துப் பேசாது பார்.

இதை உன்னிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டேன். நேற்று மதியம் டயாலிசிஸ் பிரிவில் ஆள் குறைவென்று என்னை அனுப்பினார்கள். மூன்றாவது நாற்காலியில் கண்ணாடிக்காரர். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

“சிஸ்டர், நீங்கதானே ஓடி வந்து ட்ரிப்பை நிறுத்தி, நெஞ்சை அமுக்கினது? உங்களைக் கும்பிடணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்” என்று ரெண்டு கையையும் தூக்கினார். அந்தக் கைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. அப்படி நடுங்கின.

என்னால் முடியவில்லை. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இப்போது உனக்கு எழுதியதை அப்படியே அவரிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“சந்தேகம் வந்துச்சா?”

“வந்துச்சுங்க.”

“போனைக் கையில எடுத்தீங்களா?”

“எடுத்தேன்.”

“அப்புறம் எதுக்கு வெச்சீங்க?”

“வீட்டுல காலையில சண்டை. அதனால.”

“என்ன சண்டை? சொத்துச் சண்டையா?”

“இல்லங்க. காலர் கருகினதுக்கு.”

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். “காலரா?” என்றார். அவ்வளவு பெரிய வார்த்தைகள் எல்லாம் எனக்குத் தெரியும். அந்தச் சின்ன வார்த்தைக்குத் தலையை மட்டும் ஆட்டினேன். பிறகு அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். “வேற சிஸ்டரை வரச் சொல்லுங்க” என்றார்.

வெளியே வந்து, ஒரே பக்கத்தில் எழுதி, கமிட்டி அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். மறுபடி வீட்டுக்கு அனுப்புவார்களோ, என்ன செய்வார்களோ தெரியாது. உன்மேல் மட்டும் பழி நிற்கக் கூடாது. அதே சமயம், உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. அந்தப் பொய்க் கையெழுத்தை நான் மறக்கவில்லை. காலி என்று கூப்பிட்டதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். அதைக் கேட்டிருக்க வேண்டிய நாள் எப்போதோ போய்விட்டது.

அகராதி

*

ஏப்ரல் 12

அகராதிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை படித்ததும் எதிரில் இருந்த டம்ளரை எறிந்தேன். உன் அண்ணன் மேல் படவில்லை. கொஞ்சத்தில் தப்பித்தார்.

சந்தேகம் வந்ததாம், ரிசீவரை எடுத்தாளாம், வைத்தாளாம்! ஒன்றரை மாசம் நான் மட்டும்தான் ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்தேன் என்று சோறு இறங்காமல் இருந்தேன். நீ அங்கே நூலகத்தில் உட்கார்ந்து எனக்கு அசை பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாய். உன்னை என்ன செய்தால் தகும்?

என்னை லேபிலிருந்து மாற்றி, ரத்தம் எடுக்கும் ஜன்னலில் உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு வருஷத்துக்குப் போனைத் தொடக் கூடாது. லேப் தலைவருக்கும் நோட்டீஸ் போயிருக்கிறது. இனிமேல் யாரும் நோயின் பெயரைப் போனில் சொல்லக் கூடாதாம். எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லி, திருப்பிக் கேட்டு, எழுதிக்கொண்ட பிறகுதான் போனை வைக்க வேண்டும். நேற்றுக் கண்ணாடிக்காரர் ரத்தம் கொடுக்க வந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியும். சட்டைக் கையை மடக்கி, நடுங்குகிற கையை நீட்டினார். நான் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் ஊசி போட வேண்டியிருந்தது. முடிந்ததும் பஞ்சை அவரே வாங்கி வைத்துக்கொண்டு போனார். நம்மை அவர் மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் வேண்டாம்.

உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் லேசில் தீராது. ஒரு வருஷம் ஆகலாம், மேலேயும் ஆகலாம். அதுவரைக்கும் காகிதத்திலேயே கோபப்பட என்னால் ஆகாது, எனக்குக் கை வலிக்கிறது. பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வா. நேரிலேயே கோபப்பட்டுக்கொள்கிறேன்.

அண்ணி